சர்வீஸ் முடிச்ச அன்னைக்கே எரிஞ்ச இன்ஜின் லைட்டும், நான் தொலைச்ச மூணு வாரமும்

ஏடிவி (சேறு, கல்லுப் பாதைல ஓட்டற நாலு சக்கர வண்டி) வச்சிருக்கறவங்க, அதுலயும் சர்வீஸை வீட்லயே தானா பண்ணிக்கறவங்க இதை முழுசா படிங்க. எனக்கு அப்போ இதைச் சொல்ல ஆள் இல்ல. இருந்திருந்தா மூணு வாரமும், மூணு முழு சர்வீஸ் பண்ற அளவுக்கான காசும் மிச்சமாயிருக்கும். கடைசில பிரச்சனை என்னன்னு கண்டுபிடிச்சப்போ அதைச் சரி பண்ண இருபது நிமிஷம்கூட ஆகல, செலவு சுத்தமா இல்ல. அதுதான் இன்னும் மனசுல உறுத்துது.

என் வண்டி ஒரே சிலிண்டர், லிக்விட் கூலிங், ஃபியூயல் இன்ஜெக்ஷன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, ஆனா ரொம்ப நல்லா பாத்துக்கிட்டேன். சேறு, ஓடை, கல்லுப் பாதைன்னு ஒரு சீசன் முழுக்க ஓட்டி முடிச்சுட்டு பெரிய சர்வீஸா போட்டுடலாம்னு உக்காந்தேன். முதல்ல பிரஷர் வாஷர்ல நல்லா அடிச்சுக் கழுவினேன். அப்புறம் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலண்ட் டாப் அப், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காத்து போற வாசல்) க்ளீனிங், எல்லாத்துக்கும் மேல டேப்பட் கிளியரன்ஸ் செக், அதாவது இன்ஜின் வால்வுக்கு விட்டிருக்கற இடைவெளியை அளக்கறது. இந்த டேப்பட் வேலைக்குத்தான் சீட், சைடு பேனல், ஏர் பாக்ஸ், ஹீட் ஷீல்டுன்னு பாதி வண்டியைக் கழட்ட வேண்டி இருந்தது. வழில குறுக்க வந்த கனெக்டர் எல்லாத்தையும் பிடுங்கி ஓரமா ஒதுக்கினேன். மொத்தம் எத்தனை பிடுங்கினேன்னு எண்ணவே இல்ல, ஃபோட்டோவும் எடுக்கல. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, கையைத் துடைச்சுட்டு சாவியைப் போட்டேன். மீட்டர்ல எல்லா லைட்டும் ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சுது, அது வழக்கம்தான், பல்பு வேலை செய்யுதான்னு வண்டியே பாத்துக்கும். ஆனா அந்த மஞ்சள் கலர் இன்ஜின் லைட் மட்டும் ஒரு செகண்ட் அணைஞ்சு திரும்ப எரிஞ்சு அப்படியே நின்னுடுச்சு. வயித்துல ஏதோ பிசைஞ்ச மாதிரி இருந்தது. ரெண்டு நாள் முட்டி போட்டு உழைச்சு முடிச்ச கைக்கு அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம் என்ன பண்ணும்னு இதே வேலை பண்ணவங்களுக்குத் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணேன், ஆச்சு. ஆனா ஐடிலிங் ஒரு மாதிரி மூச்சு வாங்கற மாதிரி இருந்தது, சைலன்சர்ல கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. அப்புறம் இன்னொண்ணும் நடந்தது, அதை அப்போ நான் கண்டுக்கவே இல்ல: இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சுடுச்சு. "பரவால்ல, ஃபேனாவது நல்லா ஓடுதே"ன்னு நினைச்சேன். வண்டி பதிலை அந்த நிமிஷமே எனக்குச் சொல்லிடுச்சு, எனக்குத்தான் புரியல.

முதல் தப்பு அன்னைக்கு ராத்திரியே பண்ணேன். பேட்டரி வயரைக் கழட்டி அரை மணி நேரம் விட்டு மாட்டினா லைட் போயிடும்னு எங்கேயோ கேட்டிருந்தேன். கழட்டினேன், மாட்டினேன், சாவியைப் போட்டதும் லைட் திரும்ப வந்துடுச்சு. இதுல ஒரு விஷயம் இருக்கு, அப்போ தெரிஞ்சிருந்தா பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருக்கும். இன்ஜினே ஸ்டார்ட் ஆகாம, வெறும் சாவி போட்டதுமே லைட் வருதுன்னா பெரும்பாலும் அது வயரிங் விஷயம், ஏதோ ஒரு சர்க்யூட் இணைப்பு விட்டுக் கிடக்கு இல்ல ஷார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் ஓட்டினதுக்கு அப்புறம்தான் வருதுன்னா, பெட்ரோல் காத்து கலவை, ஏர் லீக், மிஸ்ஃபயர் மாதிரி ஓடும்போது மட்டும் தெரியற கோளாறா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. லைட் எப்போ வருதுங்கறதை முதல்ல குறிச்சு வைங்க. அதோட கோடு (code, கோளாறு எதுன்னு வண்டி பதிவு பண்ணி வைக்கற நம்பர்) என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டாதீங்க, நிறைய வண்டில கோளாறு விட்டுவிட்டு வர்ற ரகமா இருந்தா இருக்கற ஒரே தடயமும் அழிஞ்சு போயிடும்.

அடுத்து பேட்டரி மேலயே சந்தேகம். வோல்டேஜ் குறைஞ்சா ஈசியூ (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) கண்டபடி கோடு காட்டும்ங்கறது உண்மைதான், ஆனா நான் அளந்து பாக்காமலே போய் புது பேட்டரி வாங்கிட்டேன். மாட்டினேன், லைட் அப்படியே. அப்புறமாதான் பழசை மல்டிமீட்டர்ல பாத்தேன், 12.6 வோல்ட் காட்டுச்சு, ஃபுல் சார்ஜ் பேட்டரி அப்படித்தான் காட்டும். வண்டி ஓடும்போது டெர்மினல்ல 14 வோல்ட் பக்கத்துல இருந்தா சார்ஜிங்கும் சரி. இந்த ரெண்டு அளவும் எடுக்க ரெண்டு நிமிஷம் போதும். ஆனா பேட்டரி டெர்மினல்ல வேற ஒண்ணு கட்டாயம் பாருங்க: நெகட்டிவ் முனைல பெரிய கேபிளோட சின்னதா இன்னொரு கறுப்பு வயரும் சில வண்டில வரும், அதை மாட்ட மறந்தா, இல்ல போல்ட் லூசா இருந்தா, இதே கூத்துதான் நடக்கும்.

ரெண்டாவது வாரம் த்ராட்டில் பொசிஷன் சென்சார், சுருக்கமா டிபிஎஸ், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு ஈசியூவுக்குச் சொல்றது. வண்டி ஓட்டற தெரிஞ்ச ஒருத்தர், "த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணியா? அப்போ டிபிஎஸ்தான் போயிருக்கும், கண்ணை மூடிக்கிட்டு மாத்து"ன்னு அடிச்சுச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, அவர் வண்டிக்கு அதுதான் ஆயிருக்கு. நானும் நம்பி ஆர்டர் போட்டேன். வந்து சேர அஞ்சு நாள். எலக்ட்ரிக்கல் பார்ட்ஸை ஒரு தடவை பிரிச்சுட்டா பெரும்பாலும் யாரும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க, அது பிரிச்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. மாட்டிப் பாத்தா ஒண்ணும் மாறல. மாறலங்கறதைவிட மோசம், பழைய சென்சாரைக் கழட்டும்போது அது கம்பெனில செட் பண்ண பொசிஷன் கலைஞ்சு போச்சு, ஐடிலிங் ஏறி இறங்க ஆரம்பிச்சுடுச்சு. இல்லாத பிரச்சனை ஒண்ணு புதுசா சேந்துச்சு.

டிபிஎஸ் மேல சந்தேகம்னா மாத்தறதுக்கு முன்னாடி அளங்க. பெரும்பாலான வண்டில அதுக்கு 5 வோல்ட் சப்ளை போகும், த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் வயர்ல அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, முழுசா திறந்தா 4 வோல்ட் பக்கம் வரும், சரியான அளவு உங்க மேனுவல்ல இருக்கும். மெதுவா ஆக்சிலேட்டரை அழுத்திக்கிட்டே வந்தா அந்த நம்பர் குதிக்காம, நடுவுல விழாம சீரா ஏறணும். அப்படி ஏறுச்சுன்னா சென்சார் நல்லா இருக்குன்னு அர்த்தம், அதோட ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீங்க. தொட்டே ஆகணும்னா கழட்டறதுக்கு முன்னாடி சென்சாருக்கும் பாடிக்கும் குறுக்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க.

இந்த ரெண்டு வாரத்துல இன்னொரு ஆபத்தான வேலையும் பண்ணேன். ஷெட் கதவைச் சாத்திட்டு உள்ளயே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி டெஸ்ட் பண்ணிட்டு இருந்தேன். ஒரு நாள் தலை விண்ணு விண்ணுன்னு வலிச்சு, வெளிய வந்து உக்காந்துட்டேன். புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, அதுவும் கலவைல பெட்ரோல் அதிகமா போற இன்ஜின்ல அது இன்னும் ஜாஸ்தியா வரும். என்ன அவசரமா இருந்தாலும் வண்டியை வெளிய தள்ளி வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க.

அப்புறம் வேற வழி இல்லாம ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டேன். டிரெய்லர் வாடகை தனி. அவங்ககிட்ட இருந்தது கார் ஸ்கேனர், அதோட 16 பின் சாக்கெட் என் வண்டில சேரல. ஏடிவில டயக்னஸ்டிக் கனெக்டர் பெரும்பாலும் வேற வடிவம், கேபிளும் வேற, இதை ஃபோன்லயே கேட்டிருந்தா அந்த வாடகையும் மிச்சம். அஞ்சு நாள் கழிச்சு கூப்பிட்டு, "தம்பி, எல்லாம் பாத்தாச்சு, ஈசியூ போயிடுச்சு, மாத்தினாதான் உண்டு"ன்னாங்க. விலையைக் கேட்டதும் பேச்சே வரல. சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. என்னவோ, "அண்ணே, ஒரு நாள் யோசிச்சுச் சொல்றேன்"னு ஃபோனை வச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நான்தான் ஏதோ பண்ணிக் கெடுத்துட்டேன்னு ஒரு பக்கம், என்ன பண்ணேன்னே தெரியலையேன்னு இன்னொரு பக்கம். அப்புறம் விடியக்காலைல ஒண்ணு மட்டும் தெளிவா தோணுச்சு. சர்வீஸுக்கு முன்னாடி இந்த லைட் இல்ல. நான் ஈசியூ பக்கமே போகல. நான் தொட்ட இடத்துலதான் இது இருக்கணும். கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு யாராவது சொன்னா, எந்தக் கோடு, எந்த அளவு பாத்து அந்த முடிவுக்கு வந்தீங்கன்னு கேளுங்க. பதில் இல்லன்னா அது யூகம். வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை முதல் தடவையா சர்வீஸ் மேனுவலை டவுன்லோடு பண்ணி முதல் பக்கத்துல இருந்து படிச்சேன். கோடு பாக்க ஸ்கேனரே தேவை இல்ல, லைட் எரியும்போது மீட்டர்ல மோடு பட்டனை அமுத்திட்டே போனா கோடு ஸ்கிரீன் வரும்னு அதுல தெளிவா போட்டிருந்தது. மூணு வாரமா அந்த நம்பர் அங்கேயே உக்காந்திருக்கு, நான் ஒரு தடவைகூட பட்டனை அமுத்திப் பாக்கல. எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 3. முதல் நம்பர் எந்த சர்க்யூட்னு சொல்லும், ரெண்டாவது அதுல என்ன கோளாறுன்னு சொல்லும். 110ன்னா கூலண்ட் டெம்ப்பரேச்சர். 3ன்னா சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதுக்கு மேல, 4ன்னா கீழ. எல்லா வண்டியும் இப்படியே காட்டாது. சிலது கார் மாதிரி பி-ல ஆரம்பிக்கற கோடு காட்டும், அதுல இதே கோளாறு பி0118. ஹோண்டால லைட் கண் சிமிட்டும், நீளமா ஒரு தடவைன்னா பத்து, குட்டியா ஒரு தடவைன்னா ஒண்ணு, எண்ணிக் கூட்டிக்கணும். உங்க வண்டி எந்த ரகம்னு இன்னைக்கே, லைட் எரியாதப்பவே பாத்து வச்சுக்கோங்க. அதே மாதிரி ஸ்பானர் படம் போட்ட லைட் ஒண்ணு வரும் சில வண்டில, அது சர்வீஸ் நேரம் வந்துடுச்சுங்கற ஞாபகம்தான், கோளாறு கிடையாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கோடு கையில வந்ததும் எல்லாம் வரிசையா புரிய ஆரம்பிச்சுது. கூலண்ட் சென்சார்ங்கறது ரெண்டு வயர் இருக்கற ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும். ஈசியூ 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா அனுப்பிட்டு, சென்சார் அதை எவ்வளவு கீழ இழுக்குதுன்னு பாத்து சூட்டைக் கணக்குப் போடும். வயர் எங்கேயாவது அறுந்துட்டா இழுக்க ஆளே இல்ல, சிக்னல் 5 வோல்ட்டுலயே நிக்கும். ஈசியூவுக்கு அது உறைபனிக்கும் கீழ, மைனஸ் 40 டிகிரி மாதிரி தெரியும். உறைஞ்ச இன்ஜின்னு நினைச்சு பெட்ரோலை அள்ளிக் கொட்டும், அதான் கறுப்புப் புகை, அதான் வாடை. அதே சமயம் சென்சாரை நம்ப முடியலன்னா இன்ஜின் வெந்துடக் கூடாதுன்னு நிறைய வண்டில ஃபேனை நிறுத்தாம ஓட விடும். ஜில்லுன்னு இருந்த இன்ஜின்ல ஃபேன் ஓடினது அதுக்குத்தான். படிக்கும்போது உடம்பு சிலிர்த்துடுச்சு. அந்த சாயங்காலமே ஃபேன் என் காதுல சொன்னது இதைத்தான்.

டேங்க் பக்க பேனலையும் ஹீட் ஷீல்டையும் திரும்பக் கழட்டினேன். சென்சார் சிலிண்டர் ஹெட் ஓரமா இருந்தது, கனெக்டர் மாட்டித்தான் இருந்தது, லாக்கும் விழுந்துதான் இருந்தது. வெளிய பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது. பிடுங்கிட்டு முதல்ல சென்சாரை அளந்தேன், ஜில்லுன்னு இருக்கும்போது ரெண்டு கிலோ ஓம் சொச்சம், மேனுவல்ல சொன்ன மாதிரியே. அப்போ சென்சார் நல்லா இருக்கு, அதை வாங்கப் போகல. இந்தத் தடவையாவது அளந்துட்டு நின்னேனேன்னு ஒரு சின்ன நிம்மதி. அடுத்தது மேனுவல்ல இருந்த டெஸ்ட்: வயரிங் பக்க கனெக்டர்ல ரெண்டு ஓட்டையையும் ஒரு மெல்லிசான வயரால இணைச்சா ஈசியூ அதை ரொம்ப சூடுன்னு எடுத்துக்கும், கோடு 3ல இருந்து 4க்கு மாறணும். மாறினா வயரும் ஈசியூவும் நல்லா இருக்கு. இதை ரெண்டு வயர் டெம்ப்பரேச்சர் சென்சாருக்கு மட்டும் பண்ணுங்க, மூணு வயர் இருக்கற சென்சார்ல இப்படிப் பண்ணா 5 வோல்ட் சப்ளையே ஷார்ட் ஆயிடும். தடிச்ச கம்பியும் விடாதீங்க, பின் வாய் விரிஞ்சு அதுவே புதுக் கோளாறாயிடும்.

வயரைச் சொருகினேன். இடது பக்க ஓட்டைல உள்ள போனதும் முட்டுச்சு. வலது பக்கம் முட்டல. இன்னும் போச்சு, இன்னும் போச்சு, அப்புறம்தான் எதுலயோ பட்டுச்சு. பட்ட அந்த செகண்ட் மீட்டரைப் பாத்தா 110, 4. கை நடுங்கிடுச்சு. ஈசியூ செத்துப் போகல, நல்லா முழிச்சுக்கிட்டு இருக்கு, நான் இணைச்சதை உடனே கண்டுபிடிச்சுச் சொல்லுது. டார்ச் அடிச்சு கனெக்டருக்குள்ள பாத்தேன். ஒரு பின் வாசல்லயே பளபளன்னு நிக்குது. இன்னொண்ணு அரிசி நீளத்துக்குப் பின்னாடி தள்ளி, இருட்டுல, ஓரத்துல காஞ்ச சேறோட ஒளிஞ்சு நிக்குது. கழட்டும்போது லாக்கை அமுக்கி கனெக்டர் உடம்பைப் பிடிச்சு இழுக்காம, வயரைப் பிடிச்சு இழுத்திருக்கேன். பின்னைப் பிடிச்சு வச்சிருக்கற குட்டி நாக்கு வளைஞ்சுடுச்சு. திரும்ப மாட்டும்போது சென்சார் பக்க முள்ளு அந்தப் பின்னைப் பின்னாடி தள்ளிடுச்சு. பிளாஸ்டிக் டக்குன்னு மாட்டின சத்தம் கேட்டுச்சு, ஆனா உள்ள உலோகம் உலோகத்தைத் தொடவே இல்ல. அந்த டக் சத்தத்தை நம்பித்தான் மூணு வாரமா அந்தப் பக்கம் நான் திரும்பியே பாக்கல.

சாவியை அணைச்சு, தைக்கற ஊசி ஒண்ணு எடுத்து வயரோட அந்தப் பின்னைப் பின்பக்கமா உருவினேன். அந்த நாக்கைக் கொஞ்சமா நிமித்தி விட்டு, கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு சேறை எடுத்து, காயவிட்டு, திரும்ப உள்ள தள்ளினேன். பூ உதிர்ற மாதிரி மெல்லிசா ஒரு க்ளிக். வயரை லேசா இழுத்துப் பாத்தேன், வரல. கனெக்டரை மாட்டி சாவியைப் போட்டேன். எல்லா லைட்டும் எரிஞ்சுது, எல்லா லைட்டும் அணைஞ்சுது. ஃபேன் அமைதியா இருந்தது. கண்ணு கலங்கிடுச்சு, மறைக்க என்ன இருக்கு.

ஆனா அதோட செலவு முடியல. மூணு வாரமா பெட்ரோல் அதிகமா எரிஞ்சதுல புது பிளக் கரி பிடிச்சுப் போச்சு. டிப்ஸ்டிக்கை மோந்து பாத்தா ஆயில்ல பெட்ரோல் வாடை, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலந்துடுச்சு. அப்படிக் கலந்தா ஆயில் தண்ணியாயிடும், இன்ஜினைக் காப்பாத்தாது. போட்டு ஒரு மாசம்கூட ஆகாத ஆயிலையும் ஃபில்டரையும் திரும்ப மாத்தினேன். பழைய டிபிஎஸ்ஸை மாட்டி, மேனுவல்ல சொன்ன வோல்டேஜுக்கு செட் பண்ண இன்னொரு அரை நாள். அதனால மஞ்சள் லைட்தானே, வண்டி ஓடுதேன்னு ஓட்டிட்டே இருக்காதீங்க. காட்டுக்குள்ள வந்துச்சுன்னா மெதுவா வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். குறிப்பா இந்த கூலண்ட் சென்சார் கோளாறுல, நிஜமாவே இன்ஜின் கொதிச்சாலும் மீட்டருக்கு அது தெரியாது. ஆயில் பிரஷர் லைட்டோ டெம்ப்பரேச்சர் லைட்டோ சிவப்பா எரிஞ்சா யோசிக்காம அங்கேயே ஆஃப் பண்ணிடுங்க.

இப்போ நான் சர்வீஸ் பண்ற விதமே மாறிடுச்சு. பேனலைத் திறந்ததும் முதல் வேலை ஃபோட்டோ, கனெக்டர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டி நம்பர், அந்த நம்பரை நோட்ல எழுதி மாட்டும்போது ஒண்ணொண்ணா அடிக்கறது. ஒரே மாதிரி ரெண்டு பின் கனெக்டர் பக்கத்துப் பக்கத்துல இருந்தா மாறிப் போயிடும், அதுக்கும் இதுதான் வழி. மாட்டறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு எல்லா பின்னும் ஒரே மட்டத்துல நிக்குதான்னு பாக்கறேன், மாட்டினப்புறம் உடம்பைப் பிடிச்சு ஒரு இழு. ரப்பர் சீல்ல மட்டும் கொஞ்சமா டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்). கனெக்டர் கழட்டிக் கிடக்கும்போது சாவியைப் போடறதே இல்ல, போட்டா அதுக்கு ஒரு கோடு ஏறி உக்காந்து அப்புறம் நம்மளையே குழப்பும். பிரஷர் வாஷரைக் கனெக்டர், ரேடியேட்டர் பக்கம் கிட்ட கொண்டு போறதில்ல, அங்க எல்லாம் வாளித் தண்ணியும் பிரஷ்ஷும்தான். கடைசியா, பேனல் எல்லாம் மாட்டறதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடறேன்.

போன வாரம் திரும்ப டேப்பட் செக் பண்ணேன். பதினோரு கனெக்டர் கழட்டினேன், பதினொண்ணும் நோட்ல டிக் ஆச்சு. ஸ்டார்ட் பண்ணி வெளிய நிறுத்தி, பக்கத்துல ஒரு கல்லு மேல உக்காந்து காத்திருந்தேன். இன்ஜின் மெதுவா சூடாகி, ரொம்ப நேரம் கழிச்சு, ஃபேன் ஓட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுடுச்சு. அப்புறம்தான் எந்திரிச்சுப் போய் சீட்டை மாட்டினேன்.